தம்பதிச் சலுகை

ஜூன் 3, திங்கள்

காலை: இட்லி ஆறு, தக்காளிச் சட்னி, தேங்காய்ச் சட்னி. ஏழாவது இட்லியை அடுப்படியில் நின்றபடி தின்றேன். நின்று தின்பது கணக்கில் வராது என்பது என் நெடுநாள் கொள்கை.

வாயில் போடுவதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதச் சொல்லி எனக்கு உத்தரவு. போட்டவன், காந்திபுரத்தில் என் கடைக்கு எதிர்மாடியில் புதிதாகத் திறந்திருக்கும் ஜிம்மின் பயிற்சியாளன். ‘உடல் அமைப்புப் பரிசோதனை இலவசம்’ என்று பலகை வைத்திருந்தான். இலவசம் என்று எழுதியிருந்தால் நாய்க்கடி ஊசிக்குக்கூட நான் வரிசையில் நிற்பேன். செருப்பைக் கழற்றிவிட்டு இரும்புத் தகட்டின் மேல் ஏறி, இரண்டு கைப்பிடிகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். உள்ளங்காலிலிருந்து உள்ளங்கை வரை லேசாக மின்சாரம் ஓடுமாம். வாலிபத்திலிருந்து மோட்டார் உதிரி பாகம் விற்கிறேன். உள்ளே இருக்கும் கம்பிச் சுருளான காயில் புகைந்துவிட்டதா என்று மோட்டாருக்குக் கரண்ட் விட்டுப் பார்ப்பதைத் தினமும் பார்க்கிறவன். நானே மோட்டாராகப் போய் நின்றது இதுதான் முதல் தடவை.

காயில் புகைந்திருந்தது. எடை 94. கொழுப்பு 36 சதவீதம். ‘உடலின் வயது 66’ என்று சீட்டு வந்தது. எனக்கு ஐம்பத்து மூன்று.

“பதினெட்டாயிரம் கட்டுனீங்கன்னா ஆறு மாசத்துல அம்பதுக்குக் கொண்டாந்தரலாம் சார்” என்றான்.

“இன்னொரு பதினெட்டாயிரம் கட்டுனாக் கல்யாணத்துக்கு முந்தி கொண்டுபோய் விட்டுருவியா கண்ணு?”

சிரித்தான். ரசீதுப் புத்தகத்தை மட்டும் மூடவில்லை. கடையில் பேரிங் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. எழுத ஆரம்பித்துவிட்டேன். பணம்தான் கட்டவில்லை.

ஜூன் 5, புதன்

இன்று ஒரு சொம்புத் தண்ணீரும் இரண்டு இளநீரும் குடித்துவிட்டுப் போய் மறுபடியும் ஏறி நின்றேன். கொழுப்பு இரண்டு சதவீதம் குறைந்திருந்தது! மாலையில் சுருதிக்கு போன் போட்டுப் பெருமையடித்தேன். எங்கள் ஒரே மகள்; பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை.

“அப்பா, அந்த மெஷின் தண்ணியப் பாத்தே ஏமாந்துரும். படுக்க வெச்சு எக்ஸ்ரே மாதிரி எடுக்கறாங்க பாருங்க, அது எடுங்க. கொழுப்பு, தசை, எலும்பு மூணையும் தனித்தனியாச் சொல்லும். உங்க கல்யாண நாளுக்கு என்னோட பரிசு.”

ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டர். ஓர் ஆளுக்கு மூவாயிரத்து ஐந்நூறு. கணவனும் மனைவியுமாகப் போனால் ஐயாயிரம், இதற்குத் தம்பதிச் சலுகை என்று பெயர். அவள் அதில் பணமும் கட்டிவிட்டாள்.

வசந்தாமணியிடம் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“எனக்கெதுக்குங்க ஸ்கேனு? என்னைய வெயில்ல நிறுத்துனா எலும்ப எண்ணிப்போடலாம்.”

“பணம் கட்டியாச்சு. நீ வரலீன்னா உன் பங்கு வீணாப் போகும்.”

“வீணாப் போகுமுங்களா?”

“ஆமா.”

“அப்ப வாரேன்.”

இந்த ஒரு வார்த்தையைச் சொல்லி அவளை எங்கே வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு போகலாம். மீந்த சோறு, மீந்த குழம்பு, மீந்த உப்புமா எல்லாம் வீணாகப் போய்விடும் என்று அவள் வயிற்றுக்குள்தான் போகும். அப்படியும் நாற்பத்தேழு கிலோ. கொடுத்து வைத்தவள்.

ஜூன் 6, வியாழன்

இரவு: சோறு, பருப்பு ரசம், தயிர் இரண்டு கிண்ணம். தயிர் லேசாகப் புளித்திருந்தது. கேட்டேன்.

“வாசம் பாத்துத்தானுங்க எடுத்து வெச்சேன்” என்றாள்.

“வாசம் என்ன வாசம், நாக்கு எதுக்கு இருக்குது?”

கொஞ்சம் பால் ஊற்றிப் பிசைந்து கொடுத்தாள்.

ஜூன் 9, ஞாயிறு

காலை நடைப் பயிற்சி. நடை கால் மணி நேரம். போண்டாக் கடைப் பெஞ்சில் உட்கார்ந்த நேரத்தைச் சொல்வதற்கில்லை. எங்கள் நடைக் குழுவின் அதிகாரபூர்வ நாத்திகன் நான். பொங்கியண்ணன் சபரிமலைக்கும் திருப்பதிக்கும் மாறிமாறிப் போகிற ஆள். கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைச் சீண்டாவிட்டால் எனக்குக் காலையே விடிவதில்லை.

“ஏனுங்ணா, உங்க சாமிக்கு மொட்டை போட்டா வழுக்கையில முடி மொளைக்குமுங்களா?” என்றேன்.

“தனபாலு, உனக்கு நெஞ்சு வலி வந்தப்ப ஆம்புலன்சுல ‘முருகா முருகா’ன்னு கத்துனது ஆரப்பா?”

எல்லோரும் சிரித்தார்கள். ‘ஓட்டுநர் பெயர் முருகன், அவரைத்தான் கூப்பிட்டேன்’ என்று சமாளித்தேன். ஒன்பது வருடமாக இதையே சொல்லிச் சமாளித்துக்கொண்டிருக்கிறேன்.

போண்டா: மூன்று.

ஜூன் 15, சனி

ஸ்கேன். பெரிய மேசையில் மல்லாக்கப் படுக்க வேண்டும். மேலே ஒரு கை போன்ற கருவி சத்தமில்லாமல் தலையிலிருந்து கால்வரை நகர்கிறது. வலி இல்லை, ஊசி இல்லை, மூச்சுப் பிடிக்கச் சொல்லவில்லை. பத்து நிமிடத்தில் எழுந்துகொள்ளச் சொல்லிவிட்டார்கள். மூவாயிரத்து ஐந்நூறுக்கு இன்னும் கொஞ்சம் படுக்க வைத்திருக்கலாம்.

வசந்தாமணி படுக்கும் முன்பு தாலிக்கொடியையும் மெட்டியையும் கழற்றச் சொன்னார்கள், உலோகம் ஆகாதாம். மெட்டியைக் கழற்றிக் கொடுத்தாள். தாலிக்கொடிக்கு மாட்டேன் என்றுவிட்டாள். பத்து நிமிடம் கெஞ்சினார்கள். கடைசியில் மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிக் கழுத்தில் போட்ட பிறகு கொடியைக் கழற்றி என் கையில் தந்தாள். கயிறும் மஞ்சளும் கைப்பையில் தயாராக இருந்தன. ஏற்கெனவே ஸ்கேன் எடுத்த பக்கத்துத் தெரு அம்மணி முன்பே சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

“பத்து நிமிசத்துல நான் செத்தா போயிருவேன்?” என்றேன்.

“வாயில நல்ல வார்த்தையே வராதுங்களா?” என்று முறைத்தாள்.

திரும்பி வரும் வழியில் ஓட்டலில் எனக்கு ஒரு நெய் ரோஸ்ட். அவளுக்கு காபி, பால் இல்லாத கடுங்காபி.

ஜூன் 17, திங்கள்

ரிப்போர்ட் வந்தது. டயட்டீஷியன் ஷெரின் என்ற பெண், சுருதி வயதுதான் இருக்கும், எதிரில் உட்கார வைத்து விளக்கினாள். எனக்குப் புரிந்த வரையில் எழுதி வைக்கிறேன்.

எடை என்பது ஓட்டலில் நீட்டும் மொத்த பில். இந்த ஸ்கேன் அதைப் பிரித்துக் காட்டுகிறது: இத்தனை கிலோ கொழுப்பு, இத்தனை கிலோ தசை, இத்தனை எலும்பு. பில் சின்னதாக இருப்பதாலேயே நல்ல சாப்பாடு என்று சொல்ல முடியாது. இதை ஷெரின் இவ்வளவு அழகாகச் சொல்லவில்லை, நான்தான் ஓட்டலைச் சேர்த்தேன்.

எனக்குக் கொழுப்பு 37 சதவீதம். அதிலும் தொப்பைக்குள் குடலைச் சுற்றிக் கிடப்பதுதான் ஆபத்தானதாம். அது தாராளமாக இருக்கிறது. ஆனால் எலும்பு பிரமாதம். முப்பது வயது ஆளின் எலும்போடு ஒப்பிட்டு ஒரு மதிப்பெண் தருகிறார்கள். பூஜ்யம் என்றால் சமம். கீழே போகப் போக மைனஸ். எனக்கு பிளஸ். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் பிளஸ் வாங்குவது இதுதான் முதல் தடவை.

அடுத்தது வசந்தாமணி. கொழுப்பு 36 சதவீதம்!

“நாப்பத்தேழு கிலோவுல எங்க ஒளிச்சு வெச்சிருக்கா?” என்று கேட்டுவிட்டேன்.

“தசை இல்ல சார். அதனால மிச்சம் இருக்கிறது கொழுப்பாத் தெரியுது” என்றாள் ஷெரின். அவள் சிரிக்கவில்லை. எலும்பு மதிப்பெண் மைனஸ் 2.9. இரண்டரைக்குக் கீழே போனால் சும்மா வழுக்கி விழுந்தாலே முறியுமாம். அம்மாவுக்கு வயது ஐம்பதுதானா என்று இரண்டு தடவை கேட்டாள்.

“பால், தயிர் எவ்வளவு சேத்துக்கறீங்கம்மா?”

“இல்லீங்க.”

“கொஞ்சங்கூட?”

“மோரு வரைக்கும் விட்டாச்சுங்க.”

“பிடிக்காதா?”

வசந்தாமணி சிரித்தாள். “பிடிக்கும் கண்ணு. காசியில விட்டுட்டு வந்தனுங்க.”

ஷெரின் கேரளத்துப் பெண். காசியில் விடுவது என்றால் என்ன என்று அவளுக்கு விளங்கவில்லை. நான்தான் சொன்னேன். காசிக்குப் போனால் கங்கையில் முழுகி, பிடித்த காய், பழம், பதார்த்தம் என்று எதையாவது இனி தொடுவதில்லை என்று விட்டுவிட்டு வருவது எங்கள் பக்கத்து வழக்கம். எட்டு வருடம் முன்பு ரயில் டூரில் போனோம். நான் விட்டது கோவைக்காய். சின்ன வயதிலிருந்தே எனக்கு அதைக் கண்டால் ஆகாது. பழத்துக்குத் துரியன் பழத்தை விட்டேன். அதன் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. இந்தக் கதையைச் சொல்லி நடைக் குழுவில் எத்தனையோ தடவை கைதட்டு வாங்கியிருக்கிறேன். இங்கே யாரும் கைதட்டவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போனேன். சுண்ணாம்புச் சத்து மாத்திரை, வாரத்துக்கு ஒன்று இன்னொரு மாத்திரை. “மாத்திரை மட்டும் போதாது. கறி, முட்டை தொடமாட்டீங்கன்னா பால், தயிர் கட்டாயம். தசை இருந்தாத்தான் விழாம இருப்பீங்க” என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் காரில் கேட்டேன். “ஏம்புள்ள, அத்தனை சாமான் இருக்க, தயிரையா விடுவ?”

“பிடிச்சதத்தானுங்க விடோணும். நீங்க விட்ட கோவைக்காய் நல்லா இருக்குதுங்களா?”

குத்தல் எல்லாம் அவளுக்கு நன்றாகவே வரும். ஊருக்குத்தான் தெரியாது.

சிக்னலில் நின்றபோது அவளாகவே சொன்னாள். “உங்களுக்கு நெஞ்சுல அடைப்பு எடுத்து மறு வருசம் போனமுங்களே. உங்களுக்குன்னுதான் விட்டேன்.”

பச்சை விழுந்தது. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்துக் கொன்றுவிட்டான்.

இரவு: சப்பாத்தி நான்கு. தயிர் ஒரு கிண்ணம் மட்டும்.

ஜூன் 20, வியாழன்

காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காரியம் இல்லாமல் பகலில் உட்காரமாட்டாள்.

“ஏனுங்க, அந்தக் காசி சாஸ்திரி ஒண்ணு சொன்னாரு. யாருக்காக விட்டமோ அவங்க வாயால ‘எடுத்துக்க’ன்னு சொன்னாத் திரும்ப எடுத்துக்கலாமாம். தோசம் இல்லையாம்.”

“சரி.”

“ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. இன்னைக்கே ஊத்திக்கறேன். எனக்கும் ஆசையாத்தானுங்க இருக்குது.”

சொல்லியிருப்பேன். அந்தச் சமயம் பார்த்துக் கடைப் பையன் போன் செய்தான், இருபது கெப்பாசிட்டர் ஸ்டாக் இல்லை என்று. பேசி முடித்துப் பார்த்தால் அவள் துணி துவைக்கப் போய்விட்டாள்.

ஜூன் 21, வெள்ளி

பையன் போன் செய்தது பதினோரு மணிக்கு. அவள் கேட்டது எட்டரைக்கு. டைரியில் பொய் எழுதுவதில் ஒரு லாபமும் இல்லை, பதினெட்டாயிரமா கட்டியிருக்கிறேன்?

யோசித்துப் பார்த்தால், ஒருத்தியின் நம்பிக்கையில் இன்னொருத்தன் தலையிடுவது நாகரிகமே இல்லை. எனக்கு நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இல்லாதவன் கொடுக்கும் அனுமதி எப்படிச் செல்லும்? மாத்திரை சாப்பிடுகிறாள். முருங்கைக்கீரை இருக்கிறது, ராகி இருக்கிறது, எள் இருக்கிறது.

எள்ளுருண்டை: நான்கு (நான்).

ஜூன் 23, ஞாயிறு

நடை. ரிப்போர்ட் கதையோடு தயிர்க் கதையையும் பெஞ்சில் அவிழ்த்துவிட்டேன். ‘புருசன் 37, பொஞ்சாதி 36, ஒரு மார்க்கில் கோட்டை விட்டாள்’ என்றேன். நல்ல சிரிப்பு. பொங்கியண்ணன் மட்டும் போண்டாவைக் கீழே வைத்தார்.

“ஏம்ப்பா, கறவை நின்னுபோன மாட்டுக்கே தீவனத்துல சுண்ணாம்புச் சத்தக் கலக்கச் சொல்லி ஊரூரா எழுதிக் குடுத்தவன் நானு. தயிர ஊத்திக்கடி கழுதைன்னு நீ சொல்றதுதானே?”

“நீங்க சாமியாரு, நீங்களே வந்து சொல்லுங்ணா.”

“அது உன்ற பேர்ல விட்டதில்லப்பா? நீதான் சாமி இல்லீங்கற. உனக்கென்ன வந்துது, சொல்லிப்போட வேண்டியதுதானே?”

இந்த மனுசனுக்குப் பேச்சில் எப்போதுமே நாசூக்கு கிடையாது.

ஜூலை 7, ஞாயிறு

சுருதி போன். அம்மாவின் ரிப்போர்ட்டை இணையத்தில் பார்த்துவிட்டாளாம். “அம்மா தயிர் சாப்பிட ஆரம்பிச்சாச்சா? நீங்க சொன்னாத்தான் சாப்பிடுவேன்னு சொன்னாங்களே, சொன்னீங்களாப்பா?”

“எத்தனை தடவை சொல்றது? அவ கேக்கோணுமில்ல” என்றேன்.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. வசந்தாமணி அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு போன் பக்கமாகக் குனிந்து, “ஆமாஞ்சாமி, அப்பா சொல்லீட்டேதான் இருக்கறாரு. எனக்குத்தான் மனசு வரல” என்றாள்.

பெரிய திட்டு விழுந்தது அவளுக்கு. ‘படிச்ச வீட்டுல இப்படி ஒரு மூடநம்பிக்கையா’ என்று. தலையாட்டிக்கொண்டே கேட்டாள், போனில் தலையாட்டினால் தெரியாது என்பதைக்கூட மறந்து.

மதியம்: பூசணிக்காய் மோர்க்குழம்பு. வாசம் பார்த்தே உப்பும் புளிப்பும் சரியாக நிறுத்தியிருந்தாள்.

ஜூலை 12, வெள்ளி

22ஆம் தேதி எனக்கு வருடாந்திர இதயப் பரிசோதனை, ஓடும் பட்டையில் நடக்க வைத்துப் பார்ப்பது. அது ஒன்று முடியட்டும். இந்த நேரத்தில் வீட்டில் எதையும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். மனசு கலங்கினால் பி.பி. ஏறும், டெஸ்டில் தப்பாகக் காட்டும். இது விஞ்ஞானம்.

ஜூலை 15, திங்கள்

வசந்தாமணி நேராகவே கேட்டுவிட்டாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

“பயமா இருந்தாச் சொல்லிப்போடுங்க. நான் இனிக் கேக்கல.”

பேப்பரில் முழுப்பக்கத்துக்கு நகைக்கடை விளம்பரம். அதை மிகவும் கவனமாகப் படித்தேன்.

ஜூலை 22, திங்கள்

டெஸ்ட் முடிந்தது. டாக்டர் தோளில் தட்டி, “ஒம்போது வருசத்துக்கு முந்தி பாத்த ஆளா நீங்க? தொப்பையக் குறைங்க, மத்ததெல்லாம் ஜம்முனு இருக்குது” என்றார். சந்தோஷத்தில் திரும்பும் வழியிலேயே மட்டன் பிரியாணி. ஷெரின் மன்னிக்கட்டும்.

வசந்தாமணிக்கும் சந்தோஷம். சாமி படத்துக்குப் பூ வைத்தாள். விளக்கு ஏற்றிவிட்டு வந்து எதிரில் நின்றாள். இனிக் கேட்கமாட்டேன் என்று சொன்னவள், கேட்கவும் இல்லை. நின்றாள், அவ்வளவுதான். அப்போதே சொல்லியிருக்கலாம். வாயில் பீடா இருந்தது.

ஒன்றை மட்டும் எழுதி வைக்கிறேன், யாரும் படிக்கப்போவதில்லை. ரிப்போர்ட் மோசமாக வந்திருந்தால் ‘இதெல்லாம் சும்மா’ என்று சொல்லிச் சுலபமாகத் தயிரை ஊற்றியிருப்பேனோ என்னவோ. நன்றாக வந்து தொலைத்துவிட்டது. ஓடுகிற மோட்டாரில் எவனாவது கை வைப்பானா?

ஜூலை 24, புதன்

ஆடி பிறந்து ஒரு வாரம் ஆகிறது. ஆடி மாதம் எதையும் புதிதாக ஆரம்பிக்கமாட்டார்கள். ஆவணி முதல் தேதி நானே கூப்பிட்டு உட்கார வைத்து, கெட்டித் தயிரை என் கையால் ஊற்றி, ‘எடுத்துக்க’ என்று சொல்லிவிடுவதாக முடிவு. பொங்கியண்ணனிடம் ஆடி என்று சொன்னேன். எட்டுத் திக்கும் கேட்கச் சிரித்தார்.

“நாத்திகனுக்கு ஆடி என்ன, ஆவணி என்ன தனபாலு?”

நாளையிலிருந்து நடைக்கு வேறு பக்கமாகப் போகலாம் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம். தயிர்ச் சாதத்தில் மாதுளை முத்து போட்டு, கடுகு தாளித்து, அத்தனை அழகு. பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்து அனுப்பினாள். குண்டானை வழித்த விரலைக் குழாயடியில் கழுவிக்கொண்டாள்.

எடை: 91. நடையும் நாக்குக் கட்டுப்பாடும் வேலை செய்கின்றன.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

காலையில் மழை. கேட்டில் மாட்டியிருக்கும் பையிலிருந்து பால் எடுக்கப் போனாள். ஒரே ஒரு படி. பாசி பிடித்திருந்தது.

பெரிய சத்தமெல்லாம் கேட்கவில்லை. ‘ஏனுங்க’ என்று மட்டும் கேட்டது. நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். போய்ப் பார்த்தால் பக்கவாட்டில் விழுந்து கிடந்தாள், ஒரு கையை உயரத் தூக்கிப் பிடித்தபடி. கையில் இரண்டு பால் பாக்கெட். இரண்டும் உடையவில்லை.

“இதை வாங்குங்க மொதல்ல” என்றாள்.

இடது இடுப்பு எலும்பு. நானும் எதிர்வீட்டுக்காரரும் தூக்கிக் காரில் கிடத்தினோம். நாற்பத்தேழு கிலோதான். எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

ஆகஸ்ட் 14, புதன்

அறுவை சிகிச்சை. உள்ளே தகடு வைக்கிறார்கள். கழற்றிக் கொடுத்த தாலிக்கொடி என் சட்டைப் பையில். மஞ்சள் கயிற்றை இந்தத் தடவை நர்ஸே கொடுத்தாள். இங்கே டஜன் கணக்கில் வைத்திருக்கிறார்களாம்.

வெளியே உட்கார்ந்திருந்தபோது போனில் செய்தி வந்தது, ஸ்கேன் சென்டரிலிருந்து: ‘மறுபரிசோதனைக்கு நேரமாகிவிட்டது! துணையுடன் வாருங்கள், இருவருக்கும் சேர்த்து நாலாயிரத்து ஐந்நூறு மட்டுமே.’

ஐந்நூறு ரூபாய் குறைத்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 15, வியாழன்

சுருதி வந்துவிட்டாள். அறைக்குள் நுழைந்ததும் அழுகை, அழுது முடித்ததும் கோபம்.

“அப்பா அத்தனை தடவை சொல்லியும் கேட்டியாம்மா நீ? ரெண்டு மாசமாத் தலைபாடா அடிச்சுக்கிட்டாரில்ல?”

வசந்தாமணி என் பக்கம் திரும்பவே இல்லை. மகளின் கன்னத்தைத் துடைத்துவிட்டு, “தப்புத்தான் கண்ணு. அப்பாவைத் திட்டாத, அவரு சொன்னாரு” என்றாள்.

யாரும் என்னைத் திட்டவில்லையே. எதற்காக அப்படிச் சொன்னாள்?

ஜன்னலுக்கு வெளியே பள்ளிக்கூடப் பிள்ளைகள் சட்டையில் கொடி குத்திக்கொண்டு போனார்கள். அதைப் பற்றி ஏதோ ஒரு ஜோக் சொல்ல ஆரம்பித்தேன். முடிவு மறந்துவிட்டது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

அவளைத் தூக்கிய நாளிலிருந்து இடது தோளில் வலி. சதைப் பிடிப்புதான். ஆனாலும் கீழே போய் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டேன். பார்த்த சின்ன டாக்டர், “பெரிசா ஒண்ணும் இல்ல சார், எதுக்கும் திங்கக்கிழமை வந்து ஒரு எக்கோ எடுத்துருங்க” என்றான். ‘எதுக்கும்’ என்ற வார்த்தையை டாக்டர்கள் சொல்லக் கூடாது என்று சட்டம் போட வேண்டும்.

மாலை சுருதி உடை மாற்ற வீட்டுக்குப் போயிருந்தாள். சாப்பாட்டுத் தட்டு வந்தது. குழைந்த சோறு, பருப்பு, ரசம், மூடி போட்ட சின்னக் கிண்ணத்தில் தயிர். கொண்டுவந்த பெண், “எலும்புக்கு நல்லதும்மா, தயிர விட்டுராதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்திவிட்டேன். சோற்றைப் பிசைந்து கொடுத்தேன். ரசம் வரைக்கும் சாப்பிட்டாள். அப்புறம் கிண்ணத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

நாளைக்கு ஆவணி பிறக்கிறது. ஒரு நாள் முன்னே பின்னே ஆனால் ஒன்றும் குடி முழுகிவிடாது. வாயைத் திறந்தேன். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது, சத்தியமாக வந்தது.

“உங்களுக்கு எப்பங்க டெஸ்ட்டு?” என்றாள்.

“திங்கக்கிழமை.”

கொஞ்ச நேரம் கிண்ணத்தின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஊசி குத்தியிருந்த கையால் அதை மெல்ல என் பக்கமாக நகர்த்தினாள்.

“வீணாப் போயிரும். நீங்க சாப்பிடுங்க.”

இரவு: தயிர், ஒரு கிண்ணம். புளிப்பே இல்லை.